பையன்களைத் திட்டாதீர்கள்!

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒரு டீமின் டிஃபென்ஸ் ஓட்டை விழுந்தால் ரசிகர்கள் உடனே சொல்வது இதுதான்: "பையன்கள் சரியில்லை. நல்ல ஆட்களைப் பிடித்து வரவில்லை." வசதியான பதில். ஆனால் பாதிதான் உண்மை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-ல் ரிச் ராட்ரிகஸ் தலைமைக் கோச்சாக வந்தார். டிஃபென்ஸுக்கு முதல் வருடம் ஸ்காட் ஷேஃபர். அடுத்த இரண்டு வருடம் கிரெக் ராபின்சன். 2010-ல் முன்வரிசையில் மூன்றே பேரை நிறுத்தும் 3-3-5 முறை. விளைவு? எதிரணிகளுக்கு ஆட்டத்துக்குச் சராசரியாக 35 புள்ளிகள் தாரை வார்த்தார்கள்!

2011-ல் புதுக் கோச் பிராடி ஹோக், பால்டிமோர் ரேவன்ஸிலிருந்து கிரெக் மாட்டிசனை டிஃபென்ஸுக்கு அழைத்து வந்தார். களத்தில் பெரும்பாலும் அதே பையன்கள். கொடுத்தது சராசரியாக 17 புள்ளிகள்தான். பையன்களுக்கு ஒரு வயது கூடியது உதவியிருக்கும். அதனால் மட்டும் பாதியாகக் குறையுமா?

சரி, ஆள் எடுப்பது முக்கியமில்லையா? முக்கியம்தான். ஆனால் 18 வயதில் வருகிறவனுக்கு உடம்பு தேறி, ஆட்டம் பிடிபட இரண்டு மூன்று வருடமாவது வேண்டும். அதற்குள் வாத்தியாரும் பாடமும் மாறிக்கொண்டே இருந்தால் எதைத்தான் கற்பான்? வேகத்துக்காக ஒருவர் எடுத்த பையன், எடையைக் கேட்கும் அடுத்தவருக்கு ஆகமாட்டான்.

கோச் போனால் ஒப்பந்தப் பணம் கிடைக்கும். பையனோ அந்நாளில் வேறு கல்லூரிக்கு மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். கோச்சை மாற்றியது நிர்வாகம். மைதானத்தில் ஏச்சு வாங்கியது பையன்கள். இது எந்த ஊர் நியாயம்?