தேறியவர்களைத் துரத்தும் கனவு

படிக்காமல் பரீட்சைக்குப் போய் உட்கார்ந்திருப்பதாகக் கனவு வருகிறதா? அப்படியானால் நீங்கள் வாழ்க்கையில் எதையோ செய்யாமல் தட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறீர்கள். சென்ற இதழில் மூன்று பக்கத்துக்கு நீண்ட கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். சோம்பேறிக்கு மனசாட்சி அனுப்பும் எச்சரிக்கை அந்தக் கனவு என்கிறார் கட்டுரையாளர். விடியற்காலையில் வந்தால் பலித்தே தீரும் என்கிறார். போதாக்குறைக்கு ஃபிராய்டே இதைத்தான் சொன்னார் என்று சாட்சிக்கும் இழுக்கிறார். பரிகாரமும் உண்டு: தினமும் நான்கு மணிக்கு எழுந்து அன்றைய வேலைகளைப் பட்டியல் போட வேண்டுமாம்.

சாட்சி என்ன சொல்லியிருக்கிறார் என்று முதலில் பார்த்துவிடுவோம். ‘கனவுகளின் விளக்கம்’ நூல் 1899 நவம்பரிலேயே வெளிவந்துவிட்டது. முகப்பில் மட்டும் 1900 என்று போட்டார்கள். பரீட்சைக் கனவைப் பற்றி அதில் தனியாகவே எழுதியிருக்கிறார் ஃபிராய்ட். அவர் காட்டும் ஆட்கள் யார்? படிக்காத தறுதலைகளா? இல்லை. பல வருடம் வைத்தியம் பார்த்த டாக்டர்கள், பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர்கள், அலுவலகத் தலைவர்கள். ‘நான்தான் எப்போதோ பாஸ் பண்ணிவிட்டேனே’ என்று கனவுக்குள்ளேயே மன்றாடுகிறார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஃபிராய்ட் தன் கதையையும் சொல்கிறார். மருத்துவப் படிப்பின் இறுதித் தேர்வில் அவர் தோற்ற பாடம் சட்ட மருத்துவம். கட்டுரையாளரின் கணக்குப்படி அந்தப் பாடமல்லவா ராத்திரி ராத்திரி வந்து அவரை உலுக்கியிருக்க வேண்டும்? ஒருநாளும் வந்ததில்லையாம். கனவில் வந்தவை தாவரவியலும் விலங்கியலும் வேதியியலும். பயந்துகொண்டே போய் எப்படியோ கரையேறிய பாடங்கள் அவை. பள்ளிக்கூடப் பரீட்சை கனவில் வந்தாலோ அது வரலாறாகத்தான் இருக்கும். அதில் அவர் கெட்டிக்காரர். தேறியவர்களுக்குத்தான் இந்தக் கனவு வரும், தோற்றவர்களுக்கு வராது என்று அவருடைய சகா வில்ஹெல்ம் ஸ்டெக்கல் சொன்னதையும் ஃபிராய்ட் எடுத்துக்காட்டுகிறார். மறுநாள் ஏதோ பொறுப்பான காரியம் காத்திருக்கிறது, தலைகுனிய நேருமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அப்போது மனம் பழைய பயம் ஒன்றைத் தேடி எடுக்கிறது, பொய்யாகிப்போன பயமாகப் பார்த்து. ‘அன்றைக்கும் இப்படித்தான் நடுங்கினாய், என்ன ஆயிற்று?’ ஃபிராய்டின் கணக்கில் அந்தக் கனவு கொடுப்பது ஆறுதல்.

பின்னாளில் இதோடு ‘தன்னைத்தானே கடிந்துகொள்வது’ என்ற விளக்கத்தையும் அவர் சேர்த்தார் என்பது உண்மை. கட்டுரையாளர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தொங்குகிறார். ஆனால் ஃபிராய்ட் சொன்ன கண்டிப்பு வீட்டுப்பாடத்தைப் பற்றியதல்ல, படுக்கையறையைப் பற்றியது. ஸ்டெக்கல் இன்னும் ஒருபடி மேலே போய், பரீட்சைக் கனவு என்றாலே பாலுறவுச் சோதனை என்று முடிச்சுப் போட்டார். ஃபிராய்டைச் சாட்சிக்கு அழைத்தால் இதையும் சேர்த்துத்தான் அழைக்க வேண்டும். குடும்பப் பத்திரிகை என்று கூச்சமாக இருந்தால் அழைக்காமலே இருந்திருக்கலாம். (தோற்றவருக்கு வரவே வராது என்ற ஸ்டெக்கலின் அடித்துப் பேசுதலும் எனக்கு ஏற்பில்லை. அரியர் வைத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.)

பழங்காலத்து வியன்னாவை விடுவோம். 2014-இல் பாரிஸில் இசபெல் ஆர்னுல்ஃப் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. மருத்துவப் படிப்புக்கான போட்டித் தேர்வு எழுதிய 719 மாணவர்களிடம் கனவைப் பற்றிக் கேட்டார்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் தேர்வைக் கனவு கண்டவர்கள் 60 சதவீதம். அந்தக் கனவுகளில் 78 சதவீதம் கெட்ட கனவுகள்: தாமதமாகப் போய்ச் சேர்வது, விடை மறந்துபோவது, இப்படி. பிறகு மதிப்பெண்ணோடு ஒப்பிட்டார்கள். கனவு கண்டவர்களே, காணாதவர்களைவிடச் சராசரியில் அதிகம் வாங்கியிருந்தார்கள். வித்தியாசம் பெரியதல்ல, கனவு கண்டதால்தான் மார்க் வந்தது என்று நான் சொல்லவும் மாட்டேன். பாடத்தையே நினைத்துக்கொண்டு தூங்கப் போகிறவருக்குக் கனவிலும் பாடம் வருகிறது, தாளிலும் நாலு வரி கூட வருகிறது, அவ்வளவுதான். ஆனால் ‘படிக்காதவனுக்கு வரும் கனவு’ என்ற வாதம் இதோடு படுத்துவிடுகிறது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். வினாத்தாள் தயாரித்தவர், விடைத்தாள் திருத்தியவர். அவருக்கு இன்னமும் வரும் கனவைக் கேளுங்கள். ஹாலுக்குள் போகிறார். நம்பர் போட்ட பெஞ்சு எல்லாம் நிரம்பியிருக்கிறது, இவர் நம்பர் மட்டும் இல்லை. சட்டைப் பையில் ஹால் டிக்கெட்டைத் தேடினால் மளிகைச் சீட்டு வருகிறது. யாரோ இரக்கப்பட்டு ஓரத்தில் இடம் கொடுக்கிறார்கள். தாளை வாங்கினால் அது கணக்குக்கூட இல்லை. பேனாவை உதறுகிறார், மை வரவில்லை. பக்கத்துப் பையன் அடிஷனல் ஷீட் கேட்டு எழுந்து நிற்கிறான். பார்த்தால் அவன் இவரிடம் படித்த பையன்! முப்பது வருடத்துக்கு மேல் ஒரு வகுப்புக்கும் தயாரிப்பில்லாமல் போகாத மனிதர் இவர். இவருக்கு எதற்கு மனசாட்சியின் எச்சரிக்கை?

‘நான்தான் வாத்தியாராயிற்றே’ என்று கனவுக்குள் அவருக்கு ஏன் தோன்றவில்லை? கண்கள் இமைக்குள் உருளும் உறக்கக் கட்டத்தை 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் பதிவு செய்தார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. 1990-களில் அந்த நேரத்து மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, பயத்தைக் கையாளும் பகுதிகள் சுறுசுறுப்பாக இருந்தன. தர்க்கம் பார்த்து, ‘இது நடக்குமா?’ என்று கேட்கும் நெற்றிப் பக்கத்துப் பகுதிகள் அடங்கிக் கிடந்தன. அதனால்தான் ஓய்வூதியம் வாங்குகிறவரைக்கூடப் பெஞ்சில் உட்காரவைக்க முடிகிறது.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. இந்த உறக்கக் கட்டம் இரவில் ஏறக்குறைய தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு தடவை வருகிறது. விடிய விடிய நீளமாகிறது. எனவே விடியலில் கனவு அதிகம், அதன் நடுவிலேயே விழித்துக்கொள்வதால் ஞாபகமும் அதிகம். ஞாபகம் இருப்பதில்தான் ஏதோ ஒன்று பலித்ததாகவும் தோன்றும். கண்ணகி தேவந்தியிடம் சொன்ன கனவு பலிக்கவில்லையா என்று மடக்குகிறார் கட்டுரையாளர். பலித்தது. மதுரையில் என்ன நடக்கப்போகிறது என்று இளங்கோவடிகளுக்கு முன்பே தெரியும். நம் கனவுகளை எழுதுகிறவருக்கு முடிவு தெரியாது.

கெட்ட கனவு என்பது ஆபத்துக்கான ஒத்திகை என்று ஃபின்லாந்தின் அன்டி ரெவன்சுவோ 2000-இல் ஒரு கோட்பாடு சொன்னார். கட்டுரையாளர் அதையாவது எடுத்துப் பேசியிருக்கலாம். எனக்கு அதிலும் சந்தேகம் உண்டு. ஒத்திகை என்றால் ஒரு தடவையாவது பேனா எழுத வேண்டாமா? ஆனால் அது வாதம். பதில் வாதம் சொல்லலாம். இவர் எழுதியிருப்பது வசவு.

அந்த வசவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் என் கோபம். பொறுப்பைத் தூக்கி எறிந்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர் அந்தக் கட்டுரையைப் படிக்கப்போவதில்லை. படிப்பது பொதுத்தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு அலறிக்கொண்டு எழுந்த பெண்ணின் அம்மா. ‘பார்த்தியா, ஒழுங்கா படிக்கலேன்னு உன் மனசே சொல்லுது’ என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல அவருக்கு அச்சில் ஓர் ஆதாரம் கிடைத்துவிட்டது. இரவு பதினொரு மணிவரை புத்தகத்தோடு இருந்த பெண் அது.

பரிகாரத்தைச் சொல்லாமல் விட்டால் கட்டுரையாளர் வருத்தப்படுவார். பதினொரு மணிக்குப் படுக்கிறவரை நான்கு மணிக்கு எழுப்பினால் என்ன நடக்கும்? கனவு உறக்கம் மிகுந்திருக்கும் கடைசி இரண்டு மணி நேரம் அப்படியே போய்விடும். கனவு கொஞ்சம் குறையத்தான் செய்யும். படித்ததை மனதில் நிலைநிறுத்தும் வேலை உறக்கத்தில்தான் நடக்கிறது. அதுவும் கூடவே குறையும். அடுத்த இதழில் இந்த ஐந்து மணி நேரத் தூக்கத்துக்கும் ஃபிராய்டைச் சாட்சிக்கு அழைப்பாரா என்று தெரியவில்லை. அழைத்தால் புத்தகத்தைப் புரட்டிவிட்டு அழைக்கட்டும்.