ஆறிப்போனா அம்பேல்!

ரெசிபிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. ராத்திரி உங்க வீட்ல எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது அம்மா எங்கே இருக்காங்க?

எங்க வீட்ல அடுப்பு பக்கத்துல. ‘இன்னொண்ணு போடட்டுமா?’னு கேட்டுக்கிட்டே தோசைக்கல் முன்னாடி நிப்பாங்க. அப்பா, நான், தம்பி மூணு பேரும் கையைக் கழுவின பிறகுதான் அவங்களுக்குத் தட்டு. அதுவும் மாவுச் சட்டியைச் சுரண்டி ஊத்தின கடைசி தோசை, இல்லேன்னா ஆறிப்போன சாதம். ‘உட்காரும்மா’னு நாம சொல்றது, ‘நீங்க சாப்பிடுங்க, எனக்குப் பசிக்கலை’னு அவங்க சொல்றது... ரெண்டு டயலாக்குமே பல வருஷமா ஓடிக்கிட்டு இருக்கு. உங்க வீட்லயும் அப்படித்தானே? பொய் சொல்லாதீங்க!

இதை உடைக்கணும்னா வெறும் டயலாக் போதாது பாஸ். காத்திருக்கவே காத்திருக்காத ஒரு டிஷ் வேணும். அப்படி எனக்குச் சிக்கினதுதான் க்ரீமி கேஜன் பாஸ்தா. அடுப்பிலிருந்து இறக்கின பத்தே நிமிஷத்துல சாஸ் இறுகி, பாஸ்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, பார்க்கவே பாவமா ஆயிடும். ‘நான் அப்புறமா சாப்பிடறேன்’னு யாரும் சொல்ல முடியாது. சூடா, எல்லோரும் ஒண்ணா உட்கார்ந்தாத்தான் உண்டு.

அது சரி, அதென்ன கேஜன்? ஏதோ ஹோட்டல்காரங்க வெச்ச ஸ்டைலான பேர்னுதான் நானும் நினைச்சிருந்தேன். அது ஒரு ஜனக்கூட்டத்தோட பேர். இன்னிக்குக் கனடாவுல இருக்கிற நோவா ஸ்கோஷியா பக்கம் ‘அகாடியா’ன்னு ஒரு பிரெஞ்சுக் குடியிருப்பு இருந்தது. பிரிட்டிஷ்காரங்க 1755-ல ஆரம்பிச்சு அங்கிருந்த மக்களை வீட்டோட வாசலோட பிடுங்கி, கப்பல்ல ஏத்தித் துரத்தினாங்க. குடும்பங்கள் சிதறிப் போச்சு. அதுல ஒரு பகுதி 1760-கள்ல அமெரிக்காவோட தெற்குக் கோடியில இருக்கிற லூசியானாவுக்கு வந்து சேர்ந்தாங்க. 1785-ல பிரான்ஸிலிருந்து ஏழு கப்பல்கள்ல இன்னும் சுமார் 1,600 பேர் வந்தாங்க. ‘அகாடியன்’ங்கிற பேர் வாய்க்கு வாய் தேஞ்சு ‘கேடியன்’ ஆகி, கடைசியில ‘கேஜன்’ ஆயிடுச்சு.

வந்த இடம் சதுப்பு நிலம். கோதுமை விளையாது, அரிசி விளையும். ஆத்துல நண்டு, இறால், நன்னீர்ச் சிங்கி. பிரெஞ்சு சமையல்ல எதுக்கெடுத்தாலும் வெங்காயம், செலரி, கேரட் மூணையும் வதக்கித்தான் ஆரம்பிப்பாங்க. இங்கே கேரட் இடத்துல குடைமிளகாய் வந்து உட்கார்ந்தது. வெங்காயம், செலரி, குடைமிளகாய் கூட்டணிக்கு அந்த ஊர்ல ‘ஹோலி ட்ரினிட்டி’ன்னே பேர். நமக்குக் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை மாதிரின்னு வெச்சுக்குங்களேன்.

1921-ல லூசியானா அரசியல் சட்டமே பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் மட்டும்தான்னு சொல்லிடுச்சு. கிளாஸ்ல பிரெஞ்சு பேசின குழந்தைங்க அடி வாங்கியிருக்காங்க, இம்போஸிஷன் எழுதியிருக்காங்க. மொழியைக் காப்பாத்த அரசாங்கமே ஒரு அமைப்பு தொடங்கினது 1968-லதான். அதுக்குள்ள ரெண்டு தலைமுறை வீட்டுக்குள்ளயே பேச்சை மாத்திக்கிட்டாங்க. ஆனா கம்போ, ஜம்பலாயான்னு சட்டியில கொதிச்சதை யாரும் தடை பண்ணலை.

அந்தச் சட்டியை உலகத்துக்குத் திறந்து காட்டினவர் பால் ப்ருடோம். 1940-ல ஒரு விவசாயக் குடும்பத்துல 13-வது குழந்தையா பொறந்தவர். பெரிய அக்காங்க எல்லாம் வீட்டைவிட்டுப் போயிட, அம்மாவுக்கு ஒத்தாசையா அடுப்பு பக்கத்துல நின்னு சமையல் பழகினவர். 1979-ல நியூ ஆர்லியன்ஸ்ல மனைவியோட சேர்ந்து ‘கே-பால்ஸ்’னு ஒரு உணவகம் திறந்தார். மீனை வெண்ணெய்ல முக்கி, மசாலாவுல புரட்டி, கொதிக்கிற இரும்புச் சட்டியில போட்டுக் கருக்கி எடுப்பார். 1980-கள்ல அமெரிக்காவே அதுக்கு அலைஞ்சது. அந்த ‘ரெட்ஃபிஷ்’ மீனைப் பிடிக்கவே கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியதாயிடுச்சுன்னா பார்த்துக்குங்க! ப்ருடோம் 2015-ல இறந்தார். கடையும் 2020-ல மூடிட்டாங்க.

இதுல க்ரீமும் பாஸ்தாவும் எங்கேருந்து வந்ததுன்னு கேக்கறீங்களா? கரெக்டான கேள்வி. 19-ஆம் நூற்றாண்டு கடைசியில சிசிலித் தீவிலிருந்து ஏகப்பட்ட இத்தாலிக்காரங்க நியூ ஆர்லியன்ஸ்ல வந்து இறங்கினாங்க. பாஸ்தா அவங்க சரக்கு. க்ரீம் ஊத்தின இந்த வெர்ஷன், பாட்டி காலத்துக் கேஜன் சமையல் இல்லை. ரெஸ்டாரன்ட் சமையல்தான். ஆனா ருசியா இருக்கே, என்ன பண்றது!

சரி, அடுப்பைப் பத்த வைப்போம். நாலு பேருக்கான கணக்கு இது.

முதல்ல மசாலா. கடையில கேஜன் பொடின்னு குட்டி பாட்டில்ல விக்கறாங்க. வேண்டாம், நம்ம அஞ்சறைப் பெட்டியே போதும். காஷ்மீரி மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன் கலருக்கு. வீட்டு மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன் காரத்துக்கு. பூண்டுப்பொடி, வெங்காயப்பொடி ஒவ்வொண்ணும் 1 டீஸ்பூன். மிளகுத்தூள் அரை, வெள்ளை மிளகுத்தூள் கால், உப்பு முக்கால் டீஸ்பூன். மிளகாய், மிளகு, வெள்ளை மிளகுன்னு மூணையும் சேர்க்கிறது ப்ருடோம் ஸ்டைல். ஒவ்வொண்ணும் வாயில ஒவ்வொரு இடத்துல, ஒவ்வொரு நேரத்துல சுர்ருங்கும்.

அப்புறம் காய்ஞ்ச தைம், ஆரிகானோ அரை அரை டீஸ்பூன். ஆரிகானோவுக்குக் கவலையே படாதீங்க. பீட்சா வாங்கினப்போ வந்த பொட்டலம் ஃப்ரிட்ஜ் மேல எங்கேயாவது கிடக்கும். அதுவும் இல்லையா? மொட்டை மாடித் தொட்டியில கற்பூரவல்லி இருந்தா ரெண்டு இலையைப் பொடியா நறுக்கி, வதக்கும்போது போடுங்க. வாசம் கிட்டத்தட்ட அதேதான். தைம் இல்லேன்னா ஒரு சிட்டிகை ஓமம் பொடிச்சுக்கலாம். தைமுக்கும் ஓமத்துக்கும் வாசம் தர்ற ஐட்டம் ஒண்ணுதான்... தைமால். சிட்டிகைன்னா சிட்டிகை! கூடினா டிஷ் கஷாயம் ஆயிடும்.

எலும்பில்லாத சிக்கன் 400 கிராம். பெரிய துண்டா, தட்டையா நறுக்கி, பாதி மசாலாவும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் சேர்த்துப் பிசறி 15 நிமிஷம் வைங்க. சைவ பார்ட்டிகள் காளானோ பனீரோ எடுத்துக்குங்க.

பாஸ்தா 350 கிராம். பென்னேதான் பெஸ்ட், குழாய்க்குள்ள சாஸ் புகுந்துக்கும். வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. ‘டியூரம்’ கோதுமை ரவைன்னு போட்டிருக்கணும். மைதா சரக்குன்னா கூழாயிடும். மூணு லிட்டர் தண்ணி தளதளன்னு கொதிக்கும்போது ரெண்டு டேபிள்ஸ்பூன் உப்பு. ‘இவ்வளவா?’னு அலறாதீங்க, முக்கால்வாசி வடிகட்டும்போது போயிடும். பாக்கெட்ல போட்டிருக்கிற நேரத்துக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே வடிச்சுடுங்க. மீதி வேகறது சாஸ்ல.

வடிக்கும்போது ஒரு பெரிய டம்ளர் தண்ணியைப் பத்திரமா எடுத்து வைங்க. இது ரொம்ப முக்கியம். சோறு வடிச்ச கஞ்சி மாதிரிதான் இதுவும், மாவுச்சத்து இறங்கிய தண்ணி. வெண்ணெயும் க்ரீமும் எண்ணெய் தனியா, தண்ணி தனியா பிரிஞ்சு போகாம பிடிச்சு வைக்கிறது இந்தக் கஞ்சிதான். இதை நான் எப்படிக் கத்துக்கிட்டேன்னா...

சொதப்பித்தான்! முதல் தடவை ஒரு ஞாயித்துக்கிழமை. ‘இன்னிக்கு டின்னர் நான்’னு அம்மாவை ஹாலுக்குத் துரத்திட்டு களத்துல இறங்கினேன். பாஸ்தாத் தண்ணியை மொத்தமா சிங்க்ல கொட்டியாச்சு. தக்காளி பொங்கிக் கொதிக்கிற கடாயில, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த க்ரீமை அப்படியே ஊத்தினேன். ஜம்முனு வரும்னு பார்த்தா, திரிஞ்ச பால் மாதிரி வெள்ளை வெள்ளையா பொறுபொறுன்னு... மேல சிவப்பா எண்ணெய் மிதக்குது. தம்பி எட்டிப் பார்த்து, ‘இது சமையலா, கெமிஸ்ட்ரி லேபா?’ன்னான். அப்பா பேப்பருக்குப் பின்னாடி தலையை மறைச்சுக்கிட்டார்.

அம்மா ஒண்ணும் சொல்லலை. எழுந்து வந்து தோசைக்கல்லை வெச்சாங்க. ஒம்பதரை மணிக்கு, எங்க மூணு பேருக்கும் மறுபடி நின்னுக்கிட்டே தோசை. அன்னிக்கு எனக்கு எறங்கலை பாஸ்.

என்ன தப்பு? நம்ம ஊர்ல சாதாரணமா கிடைக்கிற ஃப்ரெஷ் க்ரீம்ல கொழுப்பு 25 சதவீதம் போலத்தான் இருக்கும். அமெரிக்க ரெசிபியில வர்ற ‘ஹெவி க்ரீம்’ல 36-க்கு மேல. கொழுப்பு கம்மியான க்ரீம் அதிகச் சூட்டையும் புளிப்பையும் ஒரே நேரத்துல தாங்காது, திரிஞ்சுடும். அதனால க்ரீம் கால் லிட்டரையும் முன்னாடியே வெளியே எடுத்து வைங்க. தக்காளி ஒண்ணே ஒண்ணு போதும், அதுவும் பச்சை வாசனை போய்ச் சுருளும்வரை வதங்கணும். எலுமிச்சை பிழியற ஆசை வந்தா கையைக் கட்டிக்குங்க.

இப்போ ரெண்டாவது அட்டெம்ப்ட், போன மாசம். அகலமான இரும்புக் கடாய், நல்ல சூடு, ஒரு ஸ்பூன் எண்ணெய். சிக்கனைப் போட்டுட்டு கிளறவே கிளறாதீங்க. ஒரு பக்கம் மூணு நாலு நிமிஷம் அப்படியே கிடந்து கருஞ்சிவப்பா பிடிக்கணும், அப்புறம்தான் திருப்பணும். ஜன்னலைத் திறந்து வைங்க, இல்லேன்னா நெடியில தெருவே தும்மும். தடிமனான துண்டை வெட்டிப் பாருங்க. உள்ளே ரோஸ் கலர் இல்லேன்னா எடுத்துத் தட்டுல வைங்க.

அடியில கருகருன்னு பிடிச்சிருக்கும். கழுவிடாதீங்க, ருசியே அதுலதான் இருக்கு. தீயைக் குறைச்சு ரெண்டு ஸ்பூன் வெண்ணெய். பொடியா நறுக்கின வெங்காயம் ஒண்ணு, குடைமிளகாய் ஒண்ணு, செலரித் தண்டு ஒண்ணு. செலரி கிடைக்கலையா, விட்டுத் தள்ளுங்க. வதங்கினதும் ஆறு பல் பூண்டு. மீதி மசாலாவைத் தூவி அரை நிமிஷம், கருகாம. தக்காளி. அது சுருண்டதும் பாஸ்தாக் கஞ்சி அரை டம்ளர் ஊத்தி, கரண்டியால அடியைச் சுரண்டினா அந்தக் கறுப்பெல்லாம் சாஸ்ல கரையும்.

தீ சிம்முக்கு வரட்டும். இப்போ க்ரீம். கொதி வரக் கூடாது, ஓரத்துல லேசா முட்டை விட்டா போதும். துருவின சீஸ் ஒரு கைப்பிடி. பாஸ்தாவைக் கொட்டிப் புரட்டுங்க. கெட்டியா தெரிஞ்சா கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. ‘இன்னும் கொஞ்சம் தளர்வா இருக்கே’ன்னு தோணும்போது நிறுத்துங்க, தட்டுக்குப் போறதுக்குள்ள சரியாயிடும். மேல சிக்கன், வெங்காயத்தாள்.

அந்த நொடியில ஹாலுக்குக் குரல் குடுத்தேன். ‘எல்லோரும் வாங்க, இப்பவே!’ அம்மா வந்தவுடனே பழக்கதோஷத்துல கரண்டியைத் தேடினாங்க. கரண்டி என் கையில. ‘நீங்க சாப்பிடுங்கடா, நான்...’னு ஆரம்பிச்சாங்க. ‘அம்மா, இது பத்து நிமிஷம்தான் தாங்கும். அப்புறம் தூக்கித்தான் போடணும்’னேன். வீணாப் போறதுன்னா அம்மாவால பொறுக்க முடியாது. உட்கார்ந்துட்டாங்க!

முதல் தட்டு அவங்களுக்கு. ஆவி பறக்க ஒரு வாய் வெச்சு, நாக்கைச் சுட்டுக்கிட்டு, ‘ஸ்ஸ்’னு ஊதினாங்க. சூடா சாப்பிட்டுப் பழக்கமில்லை போல. ரெண்டாவது வாய்ல நிமிர்ந்து, ‘ஓமம் போட்டியா?’ன்னாங்க. ஒரு சிட்டிகைதான் போட்டேன், கண்டுபிடிச்சுட்டாங்க! அப்பா, ‘குழாய்க்குள்ள கூட காரம் இருக்கே’ன்னார். பாராட்டா, புகாரான்னு இன்னும் தெரியலை. தம்பி பேசவே இல்லை, ரெண்டு தடவை தட்டை நீட்டினான்.

கடைசியா அம்மா, கடாயோட ஓரத்துல ஒட்டியிருந்ததை விரலால வழிச்சுச் சாப்பிட்டுட்டு, ‘உப்பு ஒரு கல்லு கம்மி’ன்னாங்க. கரெக்ட்டுதான். நான் சீஸ்ல இருக்கும்னு குறைச்சுட்டேன், நீங்க குறைக்காதீங்க.

உடனே கடாயைத் தூக்கிக்கிட்டு சிங்க் பக்கம் கிளம்பினாங்க. தம்பி ஓடிப்போய்க் குறுக்கே நின்னான். அப்ப கடாயைக் கழுவினது யார்னு கேக்கறீங்களா? அவன்தான். நான் சமைச்சேன்ல!