அக்கா வந்துச்சு

திருக்கழுக்குன்றத்திலிருந்து கோவளம் வரை எந்த ஊர்த் தெருவிலும் காதில் விழும் பேச்சு இது: “அக்கா வந்துச்சு”, “அம்மா சொல்லுச்சு”, “அப்பா இன்னும் சாப்பிடல, கடலுக்குப் போயிருக்குது.” பள்ளிக்கூடத்தில் இதைப் பிள்ளை எழுதினால் சிவப்பு மை விழும். பெற்ற தாயை அஃறிணையில் சொல்லலாமா என்று ஆசிரியர் கேட்பார்.

தொல்காப்பியம் வகுத்த கணக்கில் மக்கள் உயர்திணை, மற்றவை அஃறிணை. அதற்குள் ஐந்து பால். ஆனால் இலக்கணம் ஒரு பக்கம் இருக்க, செங்கல்பட்டுப் பேச்சு அந்த அஃறிணை வினைமுடிவை வேறொரு வேலைக்கு வைத்திருக்கிறது. அக்காளுக்கு, அப்பாவுக்கு, தூக்கி வளர்த்த அத்தைக்கு “வந்துச்சு”. தலைமையாசிரியருக்கோ, முன்பின் அறியாதவருக்கோ அது வராது. அவர்களுக்கு “வந்தாரு”, “வந்தாங்க”. இங்கே அஃறிணை முடிவு இழிவைக் காட்டவில்லை, நெருக்கத்தைக் காட்டுகிறது. இதைக் கொச்சை என்று ஒதுக்குவது காது கொடுத்துக் கேட்காதவர் தீர்ப்பு.

பக்கத்துத் தெலுங்கில் ஒருமையில் பெண்ணுக்கும் மாட்டுக்கும் ஒரே வினைமுடிவுதான். பன்மைக்குப் போனால் பெண்கள் ஆண்களோடு சேர்ந்துகொள்வார்கள். நீலகிரித் தோடர் மொழியிலோ ஆண்பால், பெண்பால் வேறுபாடே இல்லை. ஒரே திராவிடக் குடும்பத்துக்குள் இத்தனை வழி.

இன்னும் தொலைவில், பாப்புவா நியூ கினியின் வடகரையை ஒட்டிய மலைகளில் பேசப்படும் அரபேஷ் மொழியில் பெயர்ச்சொற்களுக்குப் பத்துக்கும் மேற்பட்ட வகுப்புகள் உண்டு. பெரும்பாலான பெயர்களின் வகுப்பை முடிவு செய்வது சொல்லின் கடைசி ஒலி. அடையும் வினையும் அந்த வகுப்புக்கு ஏற்ப மாறும். அந்தக் கணக்கை இங்கே போட்டால், “அன்” என்று முடிகிற கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் முருகன், கண்ணனோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும். தமிழ் ஒலியைப் பார்ப்பதில்லை, பொருளைப் பார்க்கிறது. அதனால்தான் விரியன் ‘ஓடுது’.

விரியன் என்றதும் இந்தக் கரையில் நினைவுக்கு வருபவர்கள் பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினர். 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் விஷத்தை எடுக்கிறது. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு அது முக்கிய ஆதாரம். செங்கல்பட்டு மாவட்ட இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

அவர்கள் கைத்திறன் உலகறிந்தது. பேச்சு? நீலகிரி இருளர் மொழியை ஜெரார்டு டிஃப்லோத் 1968இல் தமிழுக்கு நெருங்கிய உறவாகக் காட்டி ஆய்வேடு எழுதினார். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் 1973 முதல் அதன் இலக்கணத்தைத் தனி நூல்களாகக் கொண்டுவந்தார். நாவை நடுவில் நிறுத்தி ஒலிக்கும் உயிர்கள் உட்பட, அது தனக்கென்று ஒலியமைப்புள்ள தனி மொழி. சமவெளி இருளர் பேசுவது தமிழ். ஆனால் தங்களுக்கே உரிய ராகமும் சொற்களும் கொண்ட தமிழ். குலப்பெயர் ஒன்று, பேச்சு இரண்டு. மலைப் பேச்சுக்குக் கிடைத்த கவனத்தில் பாதியாவது சமவெளிப் பேச்சுக்கும் கிடைக்க வேண்டும். வளையின் வாயில் கிடக்கும் தடத்தையும் எச்சத்தையும் பார்த்து உள்ளே இருப்பது எது என்று கண்டுகொள்ளும் அறிவு, அந்தப் பேச்சில்தான் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது.

அரபேஷ் பேசுவோரில் இளையவர்கள் அந்நாட்டின் பொதுமொழியான டோக் பிசினுக்கு மாறிவிட, நுணுக்கமான அந்த வகுப்புகள் முதியவர் நாவோடு ஒடுங்கி வருகின்றன. இங்கே தொலைக்காட்சித் தமிழும் பாடப்புத்தகத் தமிழும் அதே வேலையைச் செய்யக்கூடியவை.

மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் குடும்பங்கள் பல மாவட்டங்களிலிருந்து கூடி, கன்னியம்மனை வழிபட்டு, திருமணமும் செய்துகொள்கிறார்கள். செங்கல்பட்டுக் கல்லூரிகளின் தமிழ்த்துறை மாணவர்கள் அன்று அங்கே போக வேண்டும். பெரியவர்களின் அனுமதி கேட்டு, பாம்பையும் கடலையும் அக்காளையும் அவர்கள் எந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று பதிவு செய்ய வேண்டும். கைப்பேசி எல்லோரிடமும் இருக்கிறது.