குணம் இலையிலா, எண்ணெயிலா?

"சோரியாசிஸா? ஒரே மாதத்தில் போயே போச்சு!" என்று சுவருக்குச் சுவர் நோட்டீஸ். பக்கத்திலேயே ஊதா நிற எண்ணெய் பாட்டில் படம்.

வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதாவாகும். சித்த வைத்தியர்கள் 'காளாஞ்சகப்படை' என்று சொல்லும் இந்த நோய்க்குத் தருகிற எண்ணெய் அது. சென்னை அரும்பாக்கத்தில் உள்ள மத்திய அரசு சித்த ஆராய்ச்சி நிலையமும் '777 எண்ணெய்' என்ற பெயரில் இதை ஆராய்ந்திருக்கிறது. ஆகவே, கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் நோட்டீஸ்காரர் காட்டும் சாட்சி என்ன? "தடவினார், குறைஞ்சுது!" அவ்வளவுதான். இது போதாது.

சோரியாசிஸ் விசித்திரமான வியாதி. ஏறும், தானே இறங்கும், மறுபடி தலைதூக்கும். படை உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் கடைக்கு ஓடுகிறார். பிறகு அது தானாக இறங்கினாலும் எண்ணெய்க்குத்தான் பெயர்! வெறும் தேங்காய் எண்ணெயே செதிலை ஊறவைத்து உதிர்க்கும். தடவிவிட்டு இளவெயிலில் நிற்கச் சொல்கிறார்களே, அந்த வெயிலில் உள்ள புறஊதாக் கதிரும் இதற்கு மருந்துதான். ஆஸ்பத்திரிகளில் விளக்கு வைத்தே கொடுக்கிறார்கள்.

அப்படியானால் இலையின் பங்கு எவ்வளவு?

கண்டுபிடிப்பது பிரம்ம வித்தை அல்ல. ஒரே ஆளின் ஒரு முழங்கைக்கு வெட்பாலை எண்ணெய். மறு முழங்கைக்கு அதே நிறம் ஏற்றிய சாதாரண தேங்காய் எண்ணெய். எது எதுவென்று நோயாளிக்கும் தெரியக்கூடாது. படையை அளக்கும் டாக்டருக்கும் தெரியக்கூடாது. இப்படி நிறையப் பேருக்குச் செய்து, கடைசியில் சீட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கார்போகரிசி

மூலிகைக்கு இதெல்லாம் எதுக்கு என்பவர்கள் கார்போகரிசியைப் பார்க்கட்டும். வெண்புள்ளிக்கு நம் வைத்தியர்கள் தரும் விதை. அதிலுள்ள சோரலென், வெயில் பட்டால் வேலை செய்யும். சோரலென் வகை மாத்திரையோடு புறஊதாக் கதிரும் கொடுத்தால் சோரியாசிஸ் அடங்கும் என்று 1974-ல் அமெரிக்க டாக்டர்கள் காட்டினார்கள். சோதித்ததால் கெடுதலும் தெரிந்தது. அளவு தப்பினால் தோல் கொப்பளிக்கும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் தோல் புற்றுநோய் அபாயம்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. 1999-ல் வெளியான லண்டன் ஆய்வில் 11 சீன மூலிகைக் களிம்புகளைச் சோதித்தார்கள். எட்டில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு! இப்படிப்பட்ட மருந்தைத் தெரியாமல் பூசிவந்து திடீரென நிறுத்தினால், சோரியாசிஸ் சீழ்க்கொப்புளமாக வெடிக்கலாம். நோட்டீஸை நம்பி, டாக்டர் கொடுத்த மாத்திரையையும் தூக்கிப் போடுகிறவர்கள் கதி என்ன?

ஊதா பாட்டில் விற்பவர்கள் லாபத்தில் ஒரு பங்கை முழங்கைச் சோதனைக்குச் செலவிடட்டும். மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் கடைகளில் நாலு பாட்டில் வாங்கி, உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறதா என்று பார்த்து, முடிவை ஊரறியச் சொல்லட்டும்.