தஞ்சாவூர்ல மூணு நாள் 'லோக்கல்' ஆவது எப்படி?

"உள்ளூர்க்காரர் போல வாழ்ந்து பாருங்கள்!" சுற்றுலா வியாபாரத்துல இதைவிடப் பெரிய டுபாக்கூர் வாசகம் கிடையாது. கிரீட், சிசிலின்னு மத்திய தரைக்கடல் தீவுகள்ல வித்துக்கிட்டு இருந்த சரக்கு, இப்ப நம்ம தஞ்சாவூர் வரைக்கும் வந்தாச்சு. கூட பொட்டி தட்டுற நண்பர் ஒருத்தர் ஒரு ரிசார்ட் பேக்கேஜை அனுப்பி, "உங்க ஊருதானே, எப்படி?"ன்னு கேட்டார். மாட்டு வண்டி, பம்புசெட்டுக் குளியல், வாழை இலைச் சாப்பாடு, டிகிரி காபி, அசோகா, அரை மணி நேரம் நாத்து நடுறது. மண்சட்டியில பழைய சோறு தனிக் கணக்கு. அவருக்கு எழுத ஆரம்பிச்ச பதில்தான் இவ்ளோ நீளமாயிடுச்சு.

மொதல்ல சாப்பாட்டுக்கு வருவோம். அசோகா நல்ல பண்டம்தான், திருவையாறுல சூடா வாங்கிச் சாப்பிட்டவனுக்குத் தெரியும். ஆனா வயல்ல எறங்கி வேலை பாக்குற சனம் என்ன சாப்பிடுது? வயல் நண்டு ரசம், நத்தை, வாய்க்கால்ல புடிச்ச கெளுத்தி, கொறவை, ரேஷன் அரிசி. இதுல ஒண்ணாவது மெனுவுல இருக்கான்னு பாருங்க. 'லோக்கல்'னு நீங்க காட்டுறது எந்தத் தெரு அடுப்படின்னு அப்பவே தெரிஞ்சிடும்.

பழைய சோத்துக்குக் காசு வாங்குறது இருக்கு பாருங்க, அதான் உச்சம். கிரீட் தீவுலயும் இதே கூத்துதான். அந்தத் தீவுக்காரங்க சாப்பாட்டை ஆரோக்கியத்துக்கு உதாரணமா உலகமே கொண்டாடுது. 2010ல யுனெஸ்கோ மத்திய தரைக்கடல் உணவு முறையை மரபுப் பட்டியல்லயே சேத்துடுச்சு. ஆனா இரண்டாம் உலகப்போர் முடிஞ்ச கையோட, 1948ல ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அங்க சர்வே எடுத்தப்ப சனங்க சொன்னது என்ன? வயிறு நெறையல, கறி வேணும்னாங்க. இல்லாதவன் தட்டுல இருந்ததை இருக்கிறவன் மெனுவுல ஏத்துறதுக்குப் பேரு அனுபவமாம்.

சரி, உண்மையிலேயே லோக்கலா இருக்கணும்னா என்ன பண்ணனும்? காலையில எழுந்ததும் பேப்பர்ல மேட்டூர் எத்தனை அடின்னு பாக்கணும் சாமி. முழுக் கொள்ளளவு 120 அடி. ஜூன் 12 தெறக்கணும்ங்கிறது கணக்கு. 2012ல தெறந்தது செப்டம்பர் 17. 2016ல செப்டம்பர் 20. 2017ல அக்டோபர் 2. குறுவை போச்சு. 2022ல மே 24லயே தெறந்தாங்க, ஊரே சிரிச்சுது. 2024ல மறுபடி ஜூலை 28. ஆடிப்பெருக்குக்கு ஆத்துல தண்ணி ஓடுமா, இல்ல குழாயடியில நின்னு காப்பரிசி படைக்கணுமாங்கிறது இதுலதான் இருக்கு. எந்த ரிசார்ட்டாவது "இந்த வருஷம் தண்ணி இல்ல, அதனால நாத்து நடுறது ரத்து"ன்னு சொல்லுமா? போரைப் போட்டு நாலு சென்ட்ல சேறு கலக்கி வச்சிருப்பாங்க.

நடவுன்னதும் ஞாபகம் வருது. டெல்டாவுல அறுப்பு இன்னிக்குப் பெரும்பாலும் மெஷின்தான். நடவுக்கு மேற்கு வங்கத்துலேர்ந்தெல்லாம் ஆள் வராங்க. அவங்களும் இப்ப இந்த ஊர் சேத்துலதான் நிக்கிறாங்க, ஆனா போட்டோவுக்கு மட்டும் கண்டாங்கிச் சேலை கட்டின ஆயாதான் வேணும்.

பண்பாடுன்னு பெரிய கோயில், தாராசுரம், சுவாமிமலை சிலைன்னு லிஸ்ட் போடுறாங்க. பாக்க வேண்டியதுதான், யாரு வேணாம்னா? அப்படியே கீழவெண்மணியையும் சேத்துக்கங்களேன். அப்ப அது தஞ்சாவூர் ஜில்லா. 1968 டிசம்பர் 25, கூலி உயர்வு கேட்டுப் போராடுன ஊர்ல 44 பேரை ஒரே குடிசையில வச்சுக் கொளுத்தினாங்க. அதுவும் இதே நெல்லோட கதைதான்.

"நாலு பேருக்கு வேலை கெடைக்குதேப்பா"ன்னு பின்னூட்டம் வரும், தெரியும். கெடைக்கட்டும், நல்லாக் கெடைக்கட்டும். விருந்தாளின்னு சொல்லிக் கூப்பிடுங்க, இலை போடுங்க, காசு வாங்குங்க. மூணு நாள்ல ஊர்க்காரனா மாத்தி விடுறேன்னு மட்டும் ஜல்லியடிக்காதீங்க.

நண்பருக்கு நான் சொன்னது இதான்: தை, மாசியில வாங்க. சம்பா அறுப்பு நடக்கும். ஏதாவது ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போங்க. குவிச்சு வச்ச நெல்லுக்குப் பக்கத்துல, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள வரணுமேன்னு வானத்தைப் பாத்துக்கிட்டு நாலு பேர் உக்காந்திருப்பாங்க. பேச்சுக் குடுத்தா பேசுவாங்க. எதுத்தாப்புல டீக்கடையும் இருக்கும்.