தொட்டிக்குள் ஒரு கடல்

இராமேசுவரம் சென்று திரும்பும் குழந்தைகள், விரலளவான உளுவை மீனைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க ஆசைப்படுவது இயற்கையே. நமக்கும் அதில் ஆட்சேபமில்லை. தொட்டி ஜலம் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீரையே விடவேண்டும். கடல் நீரை விட்டால் உப்பு ஏறி மீன் மடியும்.

ஆனால், மீன் எங்கிருந்து வருவது? மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-இல் தேசியப் பூங்காவாயின. அங்கே பிடிப்பது குற்றம். பண்ணையில் பொரித்த குஞ்சுகளையே வாங்குவோமாக.

உளுவைகளில் சில, இறாலுடன் ஒரே வளையில் குடித்தனம் நடத்துகின்றன. கண் மங்கிய இறால் வளை தோண்டும். மீன் வாசலில் காவல் நிற்கும். இறாலின் மீசை மீனைத் தொட்டபடியே இருக்கும்; அபாயம் வந்தால் மீன் வாலை அசைத்து எச்சரிக்கும். காவலனைக் கவர்ந்து வந்தால், அந்தக் குடித்தனம் என்னாகும்?