ஓட்டைச் சைலன்சரும் உண்மைச் சிக்கனமும்

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். காரின் அடியில், புகை வெளியேறும் குழாயில் விழும் ஓட்டைக்கு இப்பழமொழி அப்படியே பொருந்தும். சுண்டுவிரல் நுழையாத ஓட்டைதான். ஆனால் அது செய்யும் கேடு சிறிதன்று. அதைக் குறைந்த செலவில் அடைப்பது எப்படி என்பது மெக்கானிக்கின் கேள்வி மட்டுமா? நம் ஒவ்வொருவரின் கேள்வி என்றே நான் கருதுகிறேன்.

எங்கள் முகையூர் வட்டாரம் நெல்லையும் கரும்பையும் மணிலாவையும் நம்பி வாழும் பகுதி. இங்கே கார் என்பது ஆடம்பரப் பொருளன்று. பிரசவ வலி கண்ட பெண்ணை நள்ளிரவில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், முதியவர்களைப் புதுவை ஜிப்மருக்குக் கொண்டு போவதும், கோயில் குளத்திற்கும் கலியாணத்திற்கும் குடும்பத்தை ஏற்றிச் செல்வதும் அதுதான். பெரும்பாலும் அது இரண்டு மூன்று கை மாறி வந்த பழைய வண்டியாக இருக்கும். மாருதி 800 உற்பத்தி 2014-இல் நின்றது. ஆம்னி வேன் 2019-இல் நின்றது. ஆயினும் அவை நம் தெருக்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஓட வைப்பவர்கள் சாலையோரத்து வெல்டிங் பட்டறைக்காரர்கள். அவர்கள் தொழிலை நான் குறைத்து மதிப்பவன் அல்லன். ஒட்டுப் போட்டுப் பிழைப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. எங்கே ஒட்டுப் போடலாம், எங்கே போடக்கூடாது என்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

சைலன்சர் சத்தத்தை அடக்குவதற்காக மட்டும் இருப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். அதனால்தான், ‘சத்தம்தானே, போகட்டும்’ என்று ஓட்டையோடு மாதக்கணக்கில் வண்டியை ஓட்டுகிறார்கள். உண்மையில் அந்தக் குழாயின் முதற்பணி, என்ஜினில் உண்டாகும் நச்சுக் காற்றை உள்ளே அமர்ந்திருப்பவர்களுக்கு எட்டாத தூரத்தில், வண்டியின் பின்கோடியில் கொண்டுபோய் விடுவதாகும். அந்தக் காற்றில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இணைகிறது. வேதியியல் வகுப்பில் இதை நாம் படிக்கிறோம். ஆனால் அந்தப் பாடம் நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியைப் பற்றியது என்பது எத்தனை பேர் நினைவில் நிற்கிறது?

நம் ஊர்களில் ஒரு வழக்கு உண்டு. காரில் போகும்போது பாட்டிக்குத் தலை வலிக்கும், குழந்தைக்குக் குமட்டும். ‘கார் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லி எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுப்போம். பெரும்பாலும் அது வெறும் பயண மயக்கமாகவே இருக்கலாம். ஆனால் தலைவலி, குமட்டல், மயக்கம் ஆகிய இம்மூன்றும் கார்பன் மோனாக்சைடு நஞ்சின் முதல் அறிகுறிகளும் ஆகும். வண்டியில் ஏறிய எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலை வலித்து, இறங்கிக் காற்றாட நின்றதும் தெளிந்தால், எலுமிச்சம்பழத்தைத் தேடுவதை விட்டு வண்டியின் அடியில் பார்க்க வேண்டும். ஆம்னி வேனில் என்ஜின் முன் இருக்கைகளுக்குக் கீழேயே அமைந்திருக்கிறது. அங்கே ஒரு கேஸ்கட் போய்விட்டால் புகை எங்கே வரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இந்த ஓட்டை ஏன் விழுகிறது? மேடுபள்ளமான சாலையும் மழைச் சேறும் காரணங்கள்தாம். ஆயினும் பெரிய எதிரி உள்ளே இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் குழாய் நன்கு சூடேறி, அந்நீர் ஆவியாகவே வெளியேறிவிடும். கடைத்தெரு வரை போய்த் திரும்பும் வண்டியிலோ அது சைலன்சருக்குள் தங்கி, புகையிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து இரும்பை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும். உள்ளே பழத்தில் விழுந்த புழுவைப் போலத் துரு தின்றுகொண்டிருக்கும்.

நோயின் காரணத்தை அறிந்த பின்னரே மருந்து தேட வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய வழி. இங்கும் அதுவே முறை. ஓட்டை எங்கே என்று தேடுவதற்குக் காசு செலவில்லை. காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, திறந்த வெளியில் வண்டியைக் கிளப்பி, ஒருவர் தடித்த ஈரத்துணியால் வால்முனையை நொடிப்பொழுது மூட, மற்றவர் ‘உஸ்’ என்ற ஓசை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் போதும். கரிப்புகை படிந்த கறுப்புத் தடமும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும். பின்னர் என்ஜினை நிறுத்தி, ஆறிய குழாயை ஸ்பேனரால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். ‘டங்’ என்றால் இரும்பு இருக்கிறது. ‘டொக்’ என்றால் துருதான் இருக்கிறது.

இணைப்பில் கசிந்தால் கேஸ்கட்டும் போல்ட்டும் மாற்றினால் தீர்ந்தது. தாங்கும் ரப்பர் அறுந்து குழாய் தொங்கினால், ரப்பரை மாற்றாமல் பற்றவைப்பு மட்டும் செய்வது வீண். அதிர்வில் மறுபடியும் விரியும். நல்ல குழாயில் சிறு ஓட்டை என்றால், துருவை நன்றாகச் சுரண்டிவிட்டு, தகடு வைத்துப் பற்றவைப்பது முறையான வேலையே. ஒரு முழ நீளம் அரித்துப் போயிருந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி வேறு குழாய் இணைக்கலாம். முழுதும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. சைலன்சர் உடலே இற்றுப்போயிருந்தால் அதற்கு ஒட்டு உதவாது. சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும் நல்ல நிலையிலுள்ள பழையதை வாங்கிப் போடுவது அறிவுடைமை. தகர டப்பாவை வெட்டிச் சுற்றிக் கிளாம்ப் போடுவது பட்டறை வரை போய்ச் சேர்வதற்கு மட்டுமே. எபாக்சி மாவை அப்புவது அதற்கும் உதவாது. அந்தச் சூட்டை அது தாங்காது.

இதுவரை சொன்னது சிக்கனம். இனிச் சொல்வது சிக்கனம் என்ற பெயரில் நடக்கும் தவறு.

முதலாவது, குழாயைப் பாதியில் வெட்டிவிட்டு அப்படியே ஓட்டுவது. வண்டியின் அடியில் வெளிப்படும் புகை, துருப்பிடித்த தரை ஓட்டைகள் வழியாகவும் டிக்கி ரப்பரின் இடுக்குகள் வழியாகவும் உள்ளே புகும். கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டுக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது, பாதுகாப்பில் சிக்கனம். பெட்ரோல் செல்லும் குழாயருகே புகைக்குழாயை வளைத்துப் பொருத்துவதும், பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் மின்பற்றவைப்புச் செய்வதும் இதில் அடங்கும். எரிபொருள் குழாய்க்கும் புகைக்குழாய்க்கும் இடையே 35 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. துத்தநாகம் பூசிய தகட்டைப் பற்றவைத்தால் எழும் புகை பட்டறைக்காரருக்கே காய்ச்சலைத் தரும். அவர் உடம்பும் உடம்புதானே!

மூன்றாவது, கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றி விற்றுவிட்டு, அதன் இடத்தில் வெற்றுக் குழாயை வைப்பது. அதனுள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் இருப்பதால் பழையதற்கும் நல்ல விலை உண்டு. சென்னை உள்ளிட்ட 4 பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இக்கருவி 1995-இல் கட்டாயமாக்கப்பட்டது. கழற்றியவருக்குச் சில ஆயிரம் லாபம். சாலையோரத்தில் பூக்கட்டி விற்கும் அம்மாவுக்கோ அந்த நச்சு. இதையா சிக்கனம் என்பது? தன் செலவைப் பிறர் நெஞ்சில் எழுதி வைப்பது அல்லவா இது!

‘புகைச் சான்றிதழ் இருக்கிறதே’ என்று சிலர் கேட்கலாம். அச்சோதனை வால்முனையில் வரும் புகையைத்தான் அளக்கிறது. நடுவழியில் ஓட்டை இருந்தால் புகையில் ஒரு பங்கு அங்கேயே கழன்றுவிடும். வெளிக்காற்றும் கலந்து அளவைக் குறைத்துக் காட்டும். ஆகவே சான்றிதழ் கையில் இருக்க, நஞ்சு காருக்குள் இருக்கலாம். புதிய வண்டிகளிலோ இன்னொரு நட்டமும் உண்டு. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் ஓட்டை விழுந்தால், உள்ளே புகும் காற்றைக் கண்டு ஏமாந்து, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கருவி பெட்ரோலை அதிகமாக ஊற்றும். ஒட்டுப்போடாமல் மிச்சம் பிடித்த பணம் பெட்ரோல் பங்கில் போய்ச் சேரும்.

என் கருத்து இதுதான்: ஏழை தன் வண்டிக்கு ஒட்டுப் போடத்தான் வேண்டும், அந்த ஒட்டு அறிவோடு கூடியதாக இருக்க வேண்டும். அந்த அறிவு பட்டறையில் பாதி இருக்கிறது. நம் ஆய்வுக்கூடத்தில் பாதி இருக்கிறது. இரண்டும் சந்திப்பதே இல்லை. 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் முகாம்களில் நாம் ஆண்டுதோறும் கோயில் வளாகம் தூய்மை செய்கிறோம், மரம் நடுகிறோம். அம்முகாமில் ஒரே ஒரு நாளை வாகனப் புகைக்குழாய்ச் சோதனைக்கு ஒதுக்கினால் என்ன? ஊர்ப் பட்டறைக்காரரை ஆசிரியராக அமர்த்துவோம். தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களைத் துணைக்கு அழைப்போம். வேதியியல் மாணவர்கள் புகையின் குணத்தை மக்களுக்கு எளிய தமிழில் எடுத்துச் சொல்லட்டும். ஒரு ஈரத்துணியும் ஒரு ஸ்பேனரும் போதும். பேராசிரியப் பெருமக்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.